இரட்டைக் காப்பியங்களும் இரு காலக்கணக்குகளும்: பள்ளி வினாக்களுக்கு விடை சொல்லுதல் குறித்து ஒரு நோக்கு

தமிழகத்திற்கு வெளியே நடுவண் வாரியப் பள்ளிகளில் தமிழை ஒரு மொழிப்பாடமாகப் பயிலும் மாணவர் சிலப்பதிகாரத்தை இருமுறை சந்திக்கின்றனர். தமிழ் வகுப்பில் அது இலக்கியம். சமூக அறிவியல் வகுப்பில் அது வரலாற்றுச் சான்று. இரு வகுப்புகளும் ஒரே நாளில் அடுத்தடுத்து நிகழக்கூடும். ஆசிரியர் வேறு, பாடநூல் வேறு, பயிற்றுமொழியும் வேறு. மாணவர் மட்டும் ஒருவரே. இவ்விரு வகுப்புகளிலும் கேட்கப்படும் வினாக்களுக்கு அம்மாணவருக்கு நாம் எவ்வாறு விடை சொல்லித் தருகிறோம் என்பதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பாடநூல்களின் குறைகளைத் தொகுத்துப் பட்டியலிடுவது நோக்கமன்று. ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதன் வேர் வரை சென்று பார்ப்பதே போதுமானது எனக் கருதப்படுகிறது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் 2006இல் வெளியிட்ட ஆறாம் வகுப்பு வரலாற்று நூலான ‘அவர் பாஸ்ட்ஸ்’ 2024இல் புதிய நூல் வரும்வரை நாடு முழுவதும் வழக்கில் இருந்தது. அதில் கட்டடங்கள், ஓவியங்கள், நூல்கள் ஆகியவை பற்றிய பாடத்தில் தமிழ்க் காப்பியங்கள் இரண்டும் இடம்பெற்றன. இந்திய மாணவர் அனைவரும் படிக்கும் நூலில் இளங்கோவுக்கும் சாத்தனாருக்கும் இடம் கிடைத்தது மகிழத்தக்கது. ஆயின் அங்குத் தரப்பட்ட காலக்குறிப்பு நம் கவனத்திற்குரியது. சிலப்பதிகாரம் ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்டது என்றும், மணிமேகலை ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்டது என்றும் அந்நூல் கூறியது. இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. இடையில் 400 ஆண்டுகள்.

தமிழ்ப் பாடங்களின் நூற்குறிப்புகளிலோ இவை இரட்டைக் காப்பியங்கள். இளங்கோவடிகளும் சீத்தலைச் சாத்தனாரும் ஒரே காலத்தவர். சாத்தனார் சொல்லக் கேட்டே அடிகள் காப்பியம் செய்தார் என்னும் செய்தி வழக்கமாக இடம்பெறுகிறது.

இக்கட்டுரையாளர் வாழும் நகரில் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி ஆறாம் வகுப்பில் பயின்றபோது, தமிழ்த் தேர்வில் மணிமேகலையின் காலம் என்ன என்னும் வினாவிற்குத் தன் வரலாற்றுப் பாடத்தில் உள்ளபடி விடையெழுதி மதிப்பெண் இழந்தாள். இரண்டு குறிப்பேடுகளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்து அவள் கேட்ட வினா: “அப்படின்னா சாத்தனார் நானூறு வருஷம் உயிரோட இருந்தாரா, அங்கிள்?” பல கருத்தரங்குகளில் எழுப்பப்படாத ஒரு வினாவை அச்சிறுமி எழுப்பிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். அவளுக்கு அன்று உடனடியாகச் சொல்லப்பட்ட விடை, “தமிழ்த் தேர்வில் தமிழ்ப் புத்தகத்தில் உள்ளதை எழுது, வரலாற்றுத் தேர்வில் வரலாற்றுப் புத்தகத்தில் உள்ளதை எழுது” என்பதுதான். தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் சொன்ன விடை அது. அவ்விடையின் மீதான மனக்குறையே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

இரு காலக்குறிப்புகளின் பிறப்பிடம்

1800 ஆண்டுகள் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? சிலப்பதிகாரத்தின் இறுதிப் பகுதியாகிய வரந்தரு காதையில், கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த கோயிலில் வழிபட்ட மன்னருள் ஒருவனாக இலங்கை வேந்தன் கயவாகு குறிக்கப்படுகிறான். உரைபெறு கட்டுரையும் அவன் தன் நாட்டில் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்த செய்தியைக் கூறுகிறது. இலங்கையின் வரலாற்று மரபில் கஜபாகு என்னும் பெயருடைய மன்னர் இருவர். ஒருவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டினன், மற்றவன் 12ஆம் நூற்றாண்டினன். பின்னவன் மிகவும் பிற்பட்டவன் ஆதலின் முன்னவனே காப்பியத்தில் வரும் கயவாகு எனக் கொண்டு, செங்குட்டுவனையும் இளங்கோவையும் 2ஆம் நூற்றாண்டில் வைத்தார் வி. கனகசபைப்பிள்ளை. 1904இல் வெளிவந்த அவரது ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர் பற்றிய ஆங்கில நூலின் தலைப்பே இக்கணக்கைச் சுமந்து நிற்கிறது. பாடநூல் 2006இல் அச்சிட்ட எண்ணும் அதுவே. ஒரு நூற்றாண்டு கடந்தபின்னும் ‘ஆயிரத்தெண்ணூறு’ மாறவில்லை என்பதையும் ஈண்டுக் குறித்துச் செல்லலாம்.

இக்கயவாகு ஒப்புமை சங்ககாலக் கணிப்பு முழுவதற்குமே அச்சாணியாகக் கொள்ளப்பட்டது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி போன்ற வரலாற்றறிஞரும் இதனை ஏற்றனர். மறுத்தோரும் உளர். எஸ். வையாபுரிப்பிள்ளை மொழிநிலை, சொல்லாட்சி முதலிய அகச்சான்றுகளைக் கொண்டு காப்பியத்தைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டு அளவில் வைத்தார். எல்.டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை மதுரை எரியுண்ட நாள் பற்றிய குறிப்பைக் கோள்நிலைக் கணக்கிற்கு உட்படுத்திக் கி.பி. 756 என்னும் ஆண்டை அடைந்தார். இலங்கை மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர, கஜபாகு பற்றிய கதைகளைத் தொன்மமாகவே கொள்ள வேண்டும் என்றும், அவற்றின்மேல் காலக்கணிப்பை எழுப்புதல் பொருந்தாது என்றும் விரிவாக வாதிட்டார். அவர் சுட்டும் ஒரு செய்தி நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கஜபாகுவைப் பற்றிப் பேசும் பழைய நூலாகிய மகாவம்சம் அவன் இருபத்திரண்டு ஆண்டு ஆண்டான் எனவும் விகாரைகள் கட்டினான் எனவும் கூறுகிறதே அன்றிப் பத்தினி வழிபாட்டைப் பற்றியோ சேரநாட்டுப் பயணத்தைப் பற்றியோ எதுவும் கூறவில்லை. அவன் தமிழ்நாடு சென்று பத்தினியின் சிலம்புகளைக் கொணர்ந்தான் என்னும் கதை பல நூற்றாண்டு கழித்து எழுந்த இராசாவலிய முதலிய நூல்களில்தான் காணப்படுகிறது.

1400 ஆண்டுகள் என்னும் கணக்கின் பிறப்பிடம் முற்றிலும் வேறு. மணிமேகலையின் 29ஆம் காதையாகிய ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’யில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்பனவும் அவற்றின் போலிகளும் ஆங்கு வரிசைப்பட விளக்கப்படுகின்றன. இவ்வரிசை திக்நாகர் மரபில் எழுந்த நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு மிக நெருங்கி ஒத்துச் செல்வதனை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். திக்நாகர் காலம் 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது ஆதலின் மணிமேகலை அதற்குப் பிற்பட்டது என்பது இவர்தம் முடிபு. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட தம் நூலில் இதனை மறுத்து, மணிமேகலையின் அளவைநூல் திக்நாகருக்கும் முற்பட்ட நிலையைக் காட்டுவது என வாதிட்டார். எனினும் பின்வந்தோர் பலர் முன்னைய முடிபின் பக்கமே நின்றனர்.

ஆக, முதல் எண் ஓர் அரசன் பெயரிலிருந்து பிறந்தது. இரண்டாம் எண் ஒரு தருக்க நூலோடு செய்த ஒப்பீட்டிலிருந்து பிறந்தது. முறை வேறு, சான்று வேறு. வேறு வேறு கருவிகளால் அளந்த இரண்டு அளவுகளை ஒரே கோலால் அளந்தவை போல ஒரே பக்கத்தில் அச்சிட்டதே சிக்கலின் தொடக்கம்.

இதில் ஒரு தருக்கப் பிழையும் உண்டு. கயவாகுவைச் செங்குட்டுவனின் காலத்தவன் எனக் கூறுவது எந்நூலோ, அதே நூல்தான் சாத்தனாரை இளங்கோவின் காலத்தவர் எனவும் கூறுகிறது. பதிகத்தில் குன்றக் குறவர் கொணர்ந்த செய்தியின் முன்கதையை அடிகளுக்கு விளக்குபவர் சாத்தனார். காட்சிக் காதையில் செங்குட்டுவன் பக்கத்தில் இருந்து மதுரை நிகழ்ச்சியைச் சொல்பவரும் அவரே. மணிமேகலைப் பதிகமோ அக்காப்பியத்தை இளங்கோ கேட்டருளினார் என்கிறது. சிலப்பதிகாரத்தின் சொல்லைக் கயவாகு விடயத்தில் வரலாறாக நம்பி, சாத்தனார் விடயத்தில் நம்பாது விடுவதற்குக் காரணம் கூறவேண்டாவா? காரணம் கூற இயலும். கூலவாணிகன் சாத்தன் ஒருவன் அல்லன் எனலாம். பதிகங்கள் பிற்காலத்தவர் செய்தவை எனலாம். வஞ்சிக் காண்டமே பிற்சேர்க்கை எனக் கருதுவாரும் உளர். ஆனால் வஞ்சிக் காண்டம் பிற்சேர்க்கை என்றால் கயவாகுவும் அதனோடு போய்விடுகிறான். அவன் போய்விட்டால் 1800 என்னும் எண்ணும் போய்விடுகிறது. சிறுமியின் வினா உண்மையில் இந்த முடிச்சின் மேல்தான் விரல் வைத்தது.

‘இளங்கோவடிகள் யார்?’

தமிழ்ப் பாடத்திலும் சிக்கல் இல்லாமல் இல்லை. தேர்வில் பெரிதும் வழங்கும் வினா ‘இளங்கோவடிகள் – ஆசிரியர் குறிப்பு வரைக’ என்பது. இதற்குத் துணைநூல்கள் தரும் விடை ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமைவது: சேர மரபினர், தந்தை இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், தமையன் செங்குட்டுவன், நிமித்திகன் கூற்றைப் பொய்ப்பிக்க இளமையிலேயே துறவு பூண்டார், குணவாயிற் கோட்டத்தில் தங்கினார், காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. ஆறு செய்திகளுக்கு மூன்று மதிப்பெண்.

இவற்றுள் நூலில் உள்ளவை எவை, உரையால் விரிந்தவை எவை, ஆய்வாளர் கணித்தவை எவை என்னும் பாகுபாடு விடையில் இல்லை. குணவாயிற் கோட்டமும் துறவும் பதிகத்தில் உள்ளன. நிமித்திகன் செய்தி வரந்தரு காதையில் தேவந்திமேல் தெய்வமேறிப் பேசும் இடத்தில் உள்ளது. நாம் இன்று சொல்லும் விரிந்த கதை வடிவத்தை அதற்குத் தந்தது உரைமரபு. காலமோ கனகசபைப்பிள்ளையின் கணிப்பு. ஒரு வாக்கியம் காப்பியத்தினுடையது, அடுத்தது உரையினுடையது, அதற்கடுத்தது 20ஆம் நூற்றாண்டினுடையது. மூன்றும் ஒரே குரலில் ஒலிக்கின்றன.

பதிற்றுப்பத்தைத் துணைக்கழைத்தால் நிலைமை இன்னும் நுட்பமாகிறது. ஐந்தாம் பத்தில் பரணர் கடல்பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பாடுகிறார். அப்பத்துப் பாடல்களில் அவனுடைய கடற்போர் உண்டு, கொடை உண்டு, படைச்சிறப்பு உண்டு. கண்ணகி இல்லை, துறவு பூண்ட தம்பியும் இல்லை. பத்தினிக்குக் கல் கொணர்ந்த செய்தி அப்பத்தின் இறுதியில் அமைந்த பதிகத்தில்தான் வருகிறது. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் பாடல்களுக்குப் பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டவை என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. ஆகவே செங்குட்டுவனை நேரில் கண்டு பாடியதாகக் கருதப்படும் புலவர் வாயில் இல்லாத செய்தி, தொகுத்தோர் வாயிலும் காப்பியப் புலவர் வாயிலும் இருக்கிறது. இதனால் அச்செய்தி பொய் என்று ஆகிவிடாது. பரணர் பாடியபோது அந்நிகழ்ச்சி நடவாதிருக்கலாம். முலை அறுத்த ஒருத்தியைப் பற்றிய கதை நற்றிணையிலேயே திருமாவுண்ணி என்னும் பெயரோடு குறிப்பாக வருதலின், கதை பழையது என்பதும் உறுதி. கதை பழையது என்பது வேறு. காப்பியம் அக்கதையின் காலத்தது என்பது வேறு. இந்த ஒரு வேறுபாட்டை ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு உணர்த்த முடியாது என எண்ணுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். இராமாயணக் கதை பழையது, கம்பர் அதற்கு மிகப் பிந்தியவர் என்பதை அவர்கள் இடர்ப்பாடின்றிப் புரிந்துகொள்கின்றனர் அல்லரோ?

துணைநூல்களை முற்றிலும் பழிப்பதற்கில்லை. ஐயன்பெருமாள் கோனார் எழுதிய உரைகள் இல்லாவிட்டால் செய்யுட் பகுதியின் பொருளறியாமலே பள்ளியிறுதித் தேர்வைக் கடந்திருக்கக்கூடிய தலைமுறைகள் உண்டு. ‘கோனார் உரை’ என்பது ஒரு நூலின் பெயர் என்ற நிலை மாறித் துணைநூல் என்பதற்கே பொதுப்பெயர்போல் வழங்கலாயிற்று. பதவுரை, பொழிப்புரை, இலக்கணக்குறிப்பு என்னும் அமைப்பு நம் உரைமரபின் நேர் வழித்தோன்றலே. அடியார்க்குநல்லார் உரையைப் படிப்பார் ஒன்றைக் காண்பர். அவர் பிறர் கொள்கையைக் கூறும்போது ‘என்பாரும் உளர்’ என்று பிரித்துக் கூறுவார். தமக்கு உடன்பாடில்லாவிடத்து மறுத்துரைப்பார். துணைநூல்கள் பதவுரையை உரைமரபிலிருந்து எடுத்துக்கொண்டன. ‘என்பாரும் உளர்’ என்பதை மட்டும் விட்டுவிட்டன.

வினாவின் இயல்பு

நன்னூலார் வினாவை அறுவகைப்படுத்துகிறார். அவற்றுள் முதலாவது அறிவினா. விடை அறிந்த ஒருவர் அறியாதவரை நோக்கிக் கேட்பது, ஆசிரியர் மாணவரை வினவுவது போல. மூன்றாவது ஐயவினா, இதுவோ அதுவோ என ஐயுற்றுக் கேட்பது. இப்பாகுபாட்டைப் பள்ளி மாணவர் இலக்கணப் பகுதியில் மனப்பாடம் செய்து, எடுத்துக்காட்டோடு எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால் அதே வினாத்தாளின் அடுத்த பக்கத்தில் உள்ள வினா எவ்வகையினது என்று அவர்களை நாம் எண்ணவிடுவதில்லை.

தேர்வு வினாக்கள் அனைத்தும் வடிவில் அறிவினாக்கள். ‘சிலப்பதிகாரத்தின் ஆசிரியர் யார்?’, ‘அதன் காண்டங்கள் எத்தனை?’, ‘மாதவியின் மகள் பெயர் என்ன?’ என்பன பொருளாலும் அறிவினாக்களே. ‘சிலப்பதிகாரத்தின் காலம் யாது?’ என்பதோ வடிவால் அறிவினா, பொருளால் ஐயவினா. கேட்பவரும் அறியார், அறிந்தவர்போல் கேட்கிறார். கோடிட்ட இடத்தை நிரப்புதல், பொருத்துதல் ஆகிய வினாவடிவங்களில் இவ்வேறுபாடு முழுவதும் மறைந்துவிடுகிறது. ஒரு கோட்டின் நீளத்திற்குள் ஐயத்திற்கு இடமில்லை. இடப்பக்கம் நூற்பெயர்களும் வலப்பக்கம் நூற்றாண்டுகளும் கொண்ட பொருத்துக வினா ஒவ்வொரு நூலுக்கும் ஒரே நூற்றாண்டுதான் உண்டு என மாணவர் மனத்தில் பதித்துவிடுகிறது. காலம் பற்றிய செய்தி அத்தகு வினாக்களில் இடம்பெறாதிருத்தலே நன்று.

இதற்கு மாற்று நம் தேர்வு மரபிலேயே உண்டு. ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்னும் வினாவகை தமிழ்த் தேர்வுக்கே உரிய ஒரு செல்வம். ஒரு தொடரைத் தந்து, அது எந்நூலில், எச்சூழலில், யாரால், யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதை முதலில் எழுதச் சொல்லி, அதன்பின்பே பொருளும் விளக்கமும் எழுதச் சொல்வது அது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், முன்னம் என்னும் உறுப்புகளின் பள்ளி வடிவம் இது எனில் மிகையாகாது. அகப்பாடலைத் தலைவி கூற்றா, தோழி கூற்றா எனத் தெளியாமல் பொருள் கொள்ள முடியாது என்பதை நாம் வலியுறுத்துகிறோம். வரலாற்றுச் செய்திக்கு மட்டும் கூற்று யாருடையது என்று கேட்பதில்லை. ‘கரிகாலன் கல்லணை கட்டினான்’ என்பது யார் கூற்று? பட்டினப்பாலை அவன் காடு கொன்று நாடாக்கியதையும் குளம் தோண்டி வளம் பெருக்கியதையும் பாடுகிறது. காவிரிக்குக் கரை கண்டவன் என அவனைக் கூறுவன, தெலுங்குச் சோடர் செப்பேடும் முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடும் போன்ற பிற்கால ஆவணங்கள். கரை என்பதும் அணை என்பதும் ஒன்றாயின முறையை ஆராய்ந்தால் அதுவே ஒரு நல்ல பாடமாகும்.

ஔவையார் நிலை இன்னும் எளிது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரும் ஆத்திசூடி செய்த ஔவையாரும் வேறு வேறு காலத்தவர் என்பதில் ஆய்வாளரிடையே பெரும்பாலும் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படம் மாணவரின் பாட்டன், பாட்டியர் மனத்தில் நிறுத்திய ஒரே மூதாட்டியின் உருவம் இன்றும் விடைத்தாள்களில் நடமாடுகிறது. இதனைக் களைவதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும்.

விடை எவ்வாறு அமையலாம்

சிறுமிக்குப் பின்னர் ஒரு விடை எழுதிக் கொடுக்கப்பட்டது. அவள் வயதிற்கேற்ற மொழியில் அது பின்வருமாறு அமைந்தது: ‘சிலப்பதிகாரத்தை இயற்றியவர் இளங்கோவடிகள்; மணிமேகலையை இயற்றியவர் சாத்தனார். இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர் என்று இந்நூல்களின் பதிகங்கள் கூறுகின்றன. சிலப்பதிகாரத்தில் கயவாகு என்னும் இலங்கை மன்னன் பெயர் வருவதால் அது கி.பி. 2ஆம் நூற்றாண்டு நூல் என்று அறிஞர் பலர் கூறுவர். மணிமேகலையில் வரும் பௌத்தத் தருக்கச் செய்திகளைக் கொண்டு அது கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டிய நூல் என்பர். இரண்டும் ஒரே காலத்தவை என்றால் இவற்றுள் ஒரு கணக்கு மாற வேண்டும்.’ ஐந்து தொடர்கள். இறுதித் தொடர் அவள் தானே சேர்த்துக்கொண்டது. அதனை எழுதித் தரும் துணிவு இக்கட்டுரையாளர்க்கு அன்று இருக்கவில்லை.

இத்தகைய விடைக்கு மதிப்பெண் கிடைக்குமா என்பது நியாயமான ஐயம். விடைக்குறிப்பில் ‘கி.பி. 2’ என்று மட்டும் இருந்தால், திருத்துவோர் அத்தொடரைக் கண்டு மதிப்பெண் அளிக்கக் கூடும். ‘6’ என்பதைக் கண்டு அடிக்கவும் கூடும். நூற்றுக்கணக்கான தாள்களை நாட்கணக்கில் திருத்துவோரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆதலால் மாணவர்க்கு இன்னொன்றும் சொல்லித்தர வேண்டியுள்ளது. ஒரு மதிப்பெண் வினாவில் பாடநூற் கருத்தை எழுதுக. மூன்று மதிப்பெண்ணும் அதற்கு மேலும் உள்ள வினாவில் பாடநூற் கருத்தை முதலில் எழுதி, அது யார் கூற்று என்பதனை அடுத்து எழுதுக. இது சமரசமே. ஆயினும் ‘அந்தப் புத்தகத்தில் உள்ளதை அந்தத் தேர்வில் எழுது’ என்னும் பழைய விடையைவிட ஒருபடி நேர்மையானது. பழைய விடை இரு உண்மைகளையும் தனித்தனி அறைகளில் பூட்டி வைத்தது.

வேறொரு தடை தமிழ்ப் பற்றின் பக்கத்திலிருந்து வருவது. காப்பியத்தின் காலத்தில் ஐயம் எழுப்புவது அதன் பெருமையைக் குறைக்கும் என்னும் அச்சம் நம் ஆசிரியர் பலரிடம் உண்டு. தமிழகத்திற்கு வெளியே வாழும் பெற்றோரிடம் இன்னும் மிகுதி. வையாபுரிப்பிள்ளையின் காலக்கணிப்புகள் எதிர்கொண்ட கண்டனங்களை நினைவுகூர்ந்தால் இவ்வச்சத்தின் ஆழம் விளங்கும். அவருடைய முடிபுகள் சில இன்று ஏற்கத்தக்கன அல்ல என்பதும் உண்மையே. ஆனால் மறுத்தவற்றை வலிமையாக மறுக்க உதவியவை உணர்ச்சியுரைகள் அல்ல, கல்வெட்டுகள். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரரைக் கூறுகிறது. இவர்களைப் பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவரோடு ஐராவதம் மகாதேவன் பொருத்திக் காட்டினார். 1981இல் வெளிப்பட்ட சம்பைக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைப் பெயர்சொல்லிக் குறிப்பதோடு, அசோகன் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்னும் நெடுநாள் ஐயத்தையும் தீர்த்தது. ஔவையார் பாடிய வள்ளல் கல்லில் நின்றான்.

இலக்கியச் செய்தி வரலாறாகும் இடம் இது. அதியமான் பற்றிய வினாவிற்கு மாணவர் ஐயமின்றி விடை எழுதலாம். பாடலும் உண்டு, கல்லும் உண்டு. செங்குட்டுவன் வடநாட்டுப் படையெடுப்பில் கனகவிசயர் தலையில் கல்லேற்றினான் என்பதற்குக் காப்பியம் மட்டுமே சான்று. அங்கு ‘சிலப்பதிகாரம் கூறுகிறது’ என்னும் தொடர் தேவை. இரண்டையும் ஒரே உறுதியோடு எழுதப் பழக்கினால், இரண்டாவதன் மேல் ஒருநாள் ஐயம் எழும்போது முதலாவதையும் சேர்த்தே மாணவர் கைவிட்டுவிடுவர். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கல்லூரிக்குச் செல்லும் தமிழ் மாணவர் பிறமொழி மாணவரோடும் வரலாற்றுப் பேராசிரியரோடும் உரையாடும் சூழலில் இது கற்பனையான இடர் அன்று. முதல் பருவத்திலேயே நிகழ்வது.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வினாத்தாள் அமைக்கும் பொறுப்பில் இருக்கும் பல்கலைக்கழக, கல்லூரித் தமிழாசிரியர் பலர் இவ்விதழின் வாசகர்கள். ‘சிலப்பதிகாரத்தின் காலம் யாது?’ என்னும் வினாவை ‘சிலப்பதிகாரம் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்று கருதுவோர் காட்டும் சான்று யாது?’ என மாற்றுவதற்குப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல் தேவையில்லை. மாணவர் கயவாகு என்று ஒரு சொல்லில் விடையெழுதலாம், திருத்துவதும் எளிது. மேல்நிலை வகுப்பாயின், அச்சான்றை ஏற்பதில் உள்ள இடர்ப்பாடு ஒன்றனைக் குறிப்பிடுக என்று ஒரு வரி சேர்க்கலாம். பதிற்றுப்பத்து ஐந்தாம் பத்து பாடமாக உள்ள வகுப்பில், பரணர் பாடல்களில் இடம்பெறாது பதிகத்தில் மட்டும் இடம்பெறும் செய்தி எது என்று கேட்கலாம். இவை மூன்றும் நன்னூலார் வகுத்த பொருளில் முறையான அறிவினாக்கள். கேட்பவருக்கு விடை உண்மையிலேயே தெரியும்.